ஆர்வோ பேர்ட் இசையில் ஒரு குரலும் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டும்: சேர்ந்து வாசித்தால் சுருதி ஏன் கசக்கிறது?

#1 நாலுதந்தி

தவக்காலத்தில், கல் கட்டடமான ஒரு தேவாலயத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சி. இரண்டு வயலின், வயோலா, செல்லோ, ஒரு மெட்ஸோ சொப்ரானோ (பெண் நடுக்குரல்), ஒரு பாரிடோன் (ஆண் நடுக்குரல்). பியானோ, ஆர்கன் கிடையாது. நடுவில் எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் ‘யாத்திரைப் பாடல்’ (வால்ஃபார்ட்ஸ்லீட், 1984). அதற்குப் பழக, ஏ மைனரில் அதே முறையில் எழுதிய சிறு பயிற்சிகளை எடுத்திருக்கிறோம்.

சிக்கல் இதுதான். தனித்தனியாக ட்யூனரில் பார்த்தால் எல்லோரும் சரி. சேர்ந்தால் கசக்கிறது, அதிலும் செல்லோவின் அடி சி தந்தி ஒலிக்கும் இடத்தில் நிச்சயம். அடுத்தது, மௌனம் வரும் இடங்களில் யாருக்கும் எண்ணிக்கை ஒத்துப்போவதில்லை. நிகழ்ச்சியில் வேறு என்ன சேர்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள். தமிழ் வேதாகமத்தின் சங்கீத வசனம் ஒன்றை இதே முறையில் அமைக்க முடியுமா என்றும் ஒரு கேள்வி உண்டு.

#2 ஷட்ஜமம்

ட்யூனரை மூடி வையுங்கள் தம்பி. முதலில் இந்த இசை எப்படிக் கட்டப்படுகிறது என்பது ஆறு பேருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். கட்டுமானம் தெரியாமல் சுருதி சேர்த்தால் கசக்க வேண்டிய இடத்தையும் இனிப்பாக்கிவிடுவார்கள்.

பேர்ட் 1976-லிருந்து கையாளும் இந்த முறைக்கு டின்டினாபுலி என்று பெயர். இரண்டு வரிதான் அடிப்படை. ஒன்று மெட்டு வரி: ஒரு மையச் சுரத்திலிருந்து படிப்படியாக ஏறும் அல்லது இறங்கும், இல்லையென்றால் அந்த மையத்தை நோக்கி ஏறி அல்லது இறங்கி வரும். ஆக நான்கே வழி. மற்றது மணி வரி: மைனர் கார்டின் மூன்று சுரங்களைத் தவிர வேறெதையும் தொடாது. மெட்டு வரியில் ஒரு சுரம் வந்தால் மணி வரியில் என்ன வரவேண்டும் என்பது விதிப்படி தீர்மானமாகிவிடுகிறது.

நம் காதுக்குப் பழகிய பெயரில் சொல்கிறேன். ஏ மைனரில் ஏ-யை சட்ஜமமாக வைத்தால் அந்த ஸ்கேல் நடபைரவியின் சுரங்கள்தான். மணி வரிக்கு ச, க, ப மட்டும். மேல்பக்க முதல் நிலை என்றால், மெட்டுச் சுரத்துக்கு மேலே மிக அருகிலுள்ள கார்டுச் சுரம்:

ச வந்தால் க. ரி வந்தாலும் க. க, ம இரண்டுக்கும் ப. ப, த, நி மூன்றுக்கும் மேல் ச.

கீழ்ப்பக்க முதல் நிலை: ச-வுக்குக் கீழ் ப. ரி, க இரண்டுக்கும் ச. ம, ப இரண்டுக்கும் க. த, நி இரண்டுக்கும் ப.

அருகிலுள்ளதை விட்டு அதற்கடுத்த கார்டுச் சுரத்தை எடுத்தால் அது இரண்டாம் நிலை. மெட்டும் மணியும் ஒரே சுரத்தில் சேராது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சிலுவையடியில் நிற்கும் மரியாளைப் பற்றிய லத்தீன் பாடலில் ‘ஸ்டாபாட் மாட்டெர் டோலோரோசா’ என்ற வரியை எடுங்கள். நான் சொல்வது விளக்கத்துக்காக. பேர்ட்டின் ஸ்கோரில் இருப்பது இது அல்ல. சொல்லுக்கு எத்தனை அசையோ அத்தனை சுரம், ஒவ்வொரு சொல்லும் ச-வை நோக்கி இறங்கட்டும். பாடகர்: ரி ச | ரி ச | ம க ரி ச. வயலின் மேல்பக்கம்: க க | க க | ப ப க க. வயோலா கீழ்ப்பக்கம்: ச ப | ச ப | க ச ச ப. மூன்று பேரும் மெதுவாக வாசித்துப் பாருங்கள்.

முதல் அசையிலேயே பாடகர் ரி, வயலின் க, வயோலா ச. ரி-க இடைவெளி அரைச் சுரம். கீழ்ப்பக்கத்தில் த-ப அதே மாதிரி. அந்த உரசல் உடனே அடுத்த அசையில் தீர்வதுதான் இந்த இசையின் உயிர். அதைத் தவறு என்று நினைத்து வயலின்காரர் க-வைச் சற்று ஏற்றுவார், பாடகர் ரி-யைச் சற்று இறக்குவார். அரைச் சுரம் முக்கால் சுரமாக விரியும். பிறகு எல்லாமே கசக்கும்.

#3 செல்லோமேசை

ஷட்ஜமம் ஐயா சொன்னது கட்டுமானம். அடி சி கசப்பதற்குத் தனிக் காரணம் உண்டு, அது கணக்கு.

செல்லோவின் தந்திகள் மேலிருந்து ஏ, டி, ஜி, சி. அலை அடிக்காத தூய ஐந்தாம் இடைவெளியில் (ச-ப தூரம், 702 சென்ட்; அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) சேர்த்துக்கொண்டே இறங்கினால், ஏ-யிலிருந்து சி 2106 சென்ட் கீழே. ஆக்டேவைக் கழித்துப் பார்த்தால் ஏ-க்கு மேல் 294 சென்டில் நிற்கும். ஏ மைனரில் அந்த சி-தான் காந்தாரம். காது இனிமை என்று ஏற்கும் காந்தாரம் 6:5 விகிதம், அதாவது 316 சென்ட். 22 சென்ட் குறைவு. பாடகர் இயல்பாக 316-ஐத் தேடுவார், செல்லோ 294-ல் நிற்கும், வயலின்காரர் ட்யூனரைப் பார்த்து 300-ல் வைப்பார். ஒரே பெயரில் மூன்று காந்தாரம்.

செய்ய வேண்டியது: எல்லோரும் செல்லோவின் ஏ-யிலிருந்து எடுங்கள். டி, ஜி, சி மூன்றையும் சற்றே இறுக்கமான ஐந்தாமாகச் சேருங்கள், ஒவ்வொன்றும் 2 சென்ட் குறுகலாக. அப்போதே சி 6 சென்ட் ஏறிவிடும். வயோலாவும் அதே சி-யோடு ஒத்துப்போக வேண்டும். இங்கேதான் பல குவார்ட்டெட்டுகள் கோட்டை விடுகின்றன, வயோலா தனியாகச் சேர்த்துக்கொண்டு வந்து உட்கார்வதால்.

அதற்கு மேல் ஏற்ற வேண்டுமா என்பதை ஸ்கோர் சொல்லும். பாட்டு முழுவதும் பார்த்து, திறந்த (விரல் வைக்காத) ஜி-யும் திறந்த சி-யும் சேர்ந்து நீளமாக ஒலிக்கும் இடம் இல்லை என்றால், சி-யை இன்னும் 8 முதல் 10 சென்ட் ஏற்றலாம். சேர்ந்து ஒலிக்கும் இடம் இருந்தால் வேண்டாம், அந்த ஐந்தாம் நடுங்கும். அடி சி-யைத் தவிர மற்ற சி எல்லாவற்றையும் விரலால் வாசியுங்கள். ஜி தந்தியில் முதல் பொசிஷன் நான்காம் விரல் சி-யைப் பாடகருக்கு ஏற்ப நகர்த்தலாம்.

வயலினின் திறந்த இ-யும் அப்படித்தான். சுத்த ஐந்தாமாகச் சேர்த்த சி-ஜி-டி-ஏ-இ சங்கிலியில் சி-இ மூன்றாம் 408 சென்ட். தூய மேஜர் மூன்றாம் 386. நீளமான கார்டில் மேல் இ வந்தால் ஏ தந்தியில் நான்காம் விரல்.

#4 இடைத்தந்தி

சி தந்தியை 15 சென்டுக்கு மேல் யாரும் ஏற்ற வேண்டாம். நிகழ்ச்சியில் அடுத்து வேறு கீயில் ஒரு பாட்டு இருந்தால் அங்கே அது பழிவாங்கும். அப்படி ஏற்றியே ஆகவேண்டும் என்றால் வாசிக்கும் வரிசையை அதற்கேற்ப அமைத்து, ஏ மைனர், இ மைனர் பாட்டுகளை ஒன்றாக வையுங்கள்.

#5 மெல்லியகுரல்

பாடுபவர்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

வைப்ராட்டோ, அதாவது நீளும் சுரத்தில் குரல் அலைவது. ஓப்பரா பயிற்சி பெற்ற குரலில் நொடிக்கு 5 முதல் 7 அலை, ஒவ்வொரு அலையும் மேலும் கீழும் அரைச் சுரத்தில் பாதியளவு போகும். ரி-க உரசலே ஒரு அரைச் சுரம்தான். குரலும் வயலினும் இரண்டுமே ஆடினால் அந்த உரசல் கேட்பவர் காதுக்கு வந்து சேரவே சேராது. ஆகவே நேர்க்குரல். தொண்டையை இறுக்கி வைப்ராட்டோவை நிறுத்தினால் சுருதி இறங்கும், குரலும் வற்றும். மூச்சின் வேகம் குறையாமல் ஒலியளவை மட்டும் குறைக்க வேண்டும். பழக ஒரு வழி: ‘உ’ உயிரில் பியானிஸிமோவாக (மிக மெலிதாக) 12 நொடி ஒரே சுரம், தம்பூரா ஆப்பைச் சுருதியாக வைத்துக்கொண்டு. பிறகு அதே மூச்சில் ‘உ’விலிருந்து ‘ஆ’வுக்கு, சுருதி அசையாமல்.

‘யாத்திரைப் பாடலில்’ பாரிடோனுக்குத் தனிச் சவால். 1984-ல் இறந்த எஸ்தோனியத் திரைப்பட இயக்குநர் கிரிகோரி குரோமனோவின் நினைவாக எழுதியது. சொற்கள் 121-ஆம் சங்கீதம், ஜெர்மனில். பாடகரின் வரி ஏறக்குறைய அசையாமல் நிற்கும், தந்திகள்தான் நகரும். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது குரல் தானாக இறங்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சழுத்தம் சற்று விழுவதும், ‘இ’, ‘ஊ’ போன்ற மூடிய உயிர்களில் தாடை இறுகுவதும்தான் காரணம். வசனத்துக்கு ஒரு முறை முதல் வயலின்காரர் அந்தச் சுரத்தை மெல்லத் தொட்டுக் காட்டும்படி ஒத்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியது வசனத்தின் எந்தச் சொல்லில் என்று பென்சிலால் குறியுங்கள். பெரும்பாலும் அதே சொல்லில்தான் மறுபடியும் இறங்கும்.

மெய்யெழுத்து பீட்டுக்கு முன், உயிர் பீட்டின் மேல். தந்தி வாத்தியக்காரர்கள் உயிரோடு சேர்ந்து தொடங்க வேண்டும், மெய்யோடு அல்ல. சொல் ‘ஸ்’ என்று முடிந்தால் எதிரொலிக்கும் கட்டடத்தில் அது நீளும். ஆகவே மெலிதாக, வில் நிற்கும் கணத்தில் சரியாக.

#6 பழையதாள்

வைப்ராட்டோவே கூடாது என்பதை எல்லாப் பாட்டுக்கும் சட்டமாக்க வேண்டாம் அக்கா. பேர்ட்டுக்குச் சரி. போலந்து இசையமைப்பாளர் கொரெட்ஸ்கியின் மூன்றாம் சிம்பொனி (1976) அப்படி அல்ல. முதல் பகுதியில் டபுள் பாஸில் தொடங்கும் 24 பார் மெட்டு, ஒவ்வொரு நுழைவும் ஐந்தாம் சுரம் மேலே என்று அடுக்கடுக்காகச் சேரும். 15-ஆம் நூற்றாண்டுப் போலந்துப் புலம்பல் அதன் உச்சியில் வருகிறது. அங்கே நேர்க்குரல் தந்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். 1992-ல் வெளியாகி உலகெங்கும் விற்ற லண்டன் சின்ஃபொனியெட்டா பதிவில் டான் அப்ஷா பாடியதைக் கேளுங்கள்: குறைவான, ஆனால் உயிருள்ள அசைவு.

(நாலு பேரை வைத்து அதைச் செய்ய நினைக்காதீர்கள். ஸ்கோர் கேட்பது 16-16-12-12-8, மொத்தம் 64 தந்தி வாத்தியம், அதோடு மற்றவை.)

#7 மெல்லியகுரல்

ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னது மணி வரி இருக்கும் பாட்டுக்கு மட்டும். அங்கே மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#8 இடைத்தந்தி

வில்லைப் பற்றி யாரும் பேசவில்லையே!

வயலின் வில்லில் வாசிக்கத்தக்க முடி சுமார் 65 செ.மீ. நிமிடத்துக்கு 40 பீட் வேகத்தில் ஆறு பீட் சுரம் என்றால் 9 நொடி. நொடிக்கு 7 செ.மீ.தான் நகர வேண்டும். இதில் பலர் செய்யும் பிழை, தொடக்கத்தில் 15 செ.மீ. வேகத்தில் இழுத்துவிட்டு முடிவில் திணறுவது. சுரத்தின் வால் நசுங்கும். மெட்ரோனோமை 60-ல் வைத்து, பீட்டுக்கு இத்தனை செ.மீ. என்று வில்லில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டிப் பழகுங்கள்.

மெதுவான வில்லுக்குத் தொடும் இடம் முக்கியம். விரற்பலகைக்கு மேல் போனால் காற்றொலி வரும், சுருதியும் மங்கும். பிரிட்ஜுக்கும் விரற்பலகைக்கும் நடுவே, சற்றே பிரிட்ஜ் பக்கம், மிகக் குறைந்த எடையோடு. ஒலி மெலிதாகவும் சுருதி கூர்மையாகவும் இருக்கும்.

ஆர்கெஸ்ட்ராவில் ஒரு மேசையில் இருவர் மாறி மாறி வில் திருப்பி மறைத்துவிடலாம். குவார்ட்டெட்டில் வழி இல்லை. திருப்பும் இடத்தைச் சொல்லின் எல்லையில் வையுங்கள், ஒரே சொல்லின் நடுவில் ஒருபோதும் வேண்டாம். நாலு பேரும் ஒரே இடத்தில் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் மணி வரி வாசிப்பவர் பாடகரின் சொல்லோடுதான் திருப்ப வேண்டும், அது இந்த இசையின் இலக்கணம்.

மியூட் போடச் சொல்லியிருந்தால் தோல் அல்லது மர மியூட். வீட்டில் சத்தமில்லாமல் பழகப் போடும் கனத்த ரப்பர் மியூட் அல்ல; அது மேல் ஒலிகளை முழுதாக விழுங்கிவிடும், மணி வரிக்கு மணியே இருக்காது.

#9 நாலுதந்தி

மௌனத்தில் எண்ணிக்கை தப்புவதற்கு என்ன செய்வது? முதல் வயலின் தலையசைத்தும் செல்லோ முன்பே வந்துவிடுகிறது.

#10 கல்விதானம்

கட்டடத்தின் எதிரொலியை அளந்தீர்களா? கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு நடுவில் நின்று பலமாக ஒரு கைதட்டல். ஒலி 60 டெசிபல் இறங்க எத்தனை நொடி என்று பாருங்கள். உயர்ந்த விதானமுள்ள கல் தேவாலயத்தில் 4 நொடி சாதாரணம்.

கணக்கு எளிது. 4 நொடியில் 60 டெசிபல் என்றால் நொடிக்கு 15. நீங்கள் மெலிதாக வாசிப்பது 60 டெசிபல் என்றும் கட்டடத்தின் நிலையான இரைச்சல் 30 என்றும் வைத்தால், வில் நின்ற பிறகு 2 நொடி வரை ஒலி காதில் இருக்கும். நிமிடத்துக்கு 60 பீட் வேகத்தில் இரண்டு பீட் மௌனம் என்றால் அந்த மௌனம் முழுக்க ஒலியின் வால்தான். உண்மையான அமைதி அங்கே கிடையாது. இசைக்கலைஞர் அமைதிக்காகக் காத்திருந்து பிந்துவார், அல்லது எதிரொலி தேய்வதை மௌனத்தின் முடிவு என்று எண்ணி முந்துவார். செல்லோ முந்துவது அதனால்தான்: அடிச் சுரங்களின் வால் நீளம், அவருக்கு இன்னும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, தொடர்வது போலத் தோன்றுகிறது.

மருந்து: மௌனத்தில் எல்லோரும் உள்ளே எண்ணுவதை நிறுத்திவிட்டு, அடுத்த சொல்லைப் பாடகரோடு மனதில் சொல்லுங்கள். நுழைவுக்கு ஒரு பீட் முன்னால் பாடகரின் மூச்சு, எல்லோருக்கும் தெரியும்படி. பாடகர் இல்லாத பகுதியில் வயோலாவின் மூச்சு. நடுவில் உட்கார்ந்திருப்பதால் இரு பக்கமும் தெரியும். வில் நின்ற பின் கையை இறக்காதீர்கள். கை இறங்குவது முடிந்தது என்ற செய்தி.

ஏசி, மின்விசிறி கண்டிப்பாக நிறுத்த வேண்டும். அது 30 டெசிபலை 45 ஆக்கும். இதே கணக்கில் 2 நொடி வால் ஒரு நொடியாகச் சுருங்கும், பிறகு மௌனத்தில் கேட்பது மோட்டார்தான்.

இருக்கை: அரைவட்டம், பாடகர் வயோலாவுக்கும் செல்லோவுக்கும் இடையில், அவர்களுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால். பாடகரை மாடத்தில் நிற்க வைக்கும் யோசனை அழகாகத் தோன்றும். ஒலி நொடிக்கு 343 மீட்டர். 20 மீட்டர் தள்ளி நின்றால் 58 மில்லிநொடி தாமதம். தந்தியும் குரலும் ஒரே அசையில் சேர வேண்டிய பாட்டில் அது கேட்கும். பத்து மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

#11 செல்லோமேசை

முந்துவதற்கு அந்தக் காரணம் நான் யோசித்ததே இல்லை. இனி ஒத்திகையில் செல்லோக்காரருக்கு ஒரு வேலை கொடுங்கள் தம்பி: வில் நிறுத்தியதும் இடது உள்ளங்கையால் தந்திகளை மெல்ல மூட வேண்டும். திறந்த ஏ, டி தந்திகள் மற்றவர்களின் சுரத்துக்கு ஒத்ததிர்ந்துகொண்டே இருக்கும். கட்டடத்தின் வாலோடு அதுவும் சேர்கிறது.

#12 பழையதாள்

நிகழ்ச்சி வரிசை கேட்டிருந்தீர்கள்.

பேர்ட்டின் ‘ஸ்டாபாட் மாட்டெர்’ (1985) என்று எல்லோரும் சொல்வார்கள். ஆல்பன் பெர்க் பிறந்த நூற்றாண்டுக்காக எழுதப்பட்டது, ஏறத்தாழ 25 நிமிடம். ஆனால் அதற்கு சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனோர் என மூன்று குரலும் வயலின், வயோலா, செல்லோவும் வேண்டும். உங்களிடம் இரண்டு குரல்தான். விடுங்கள். ‘அபே அகத்தோன்’ (2004) சொப்ரானோவுக்கும் எட்டு செல்லோவுக்கும், அதுவும் இயலாது.

உங்களுக்கு ஒத்துவருபவை: ‘யாத்திரைப் பாடல்’, பாரிடோனும் குவார்ட்டெட்டும், 9 நிமிடம் அளவில். ‘எஸ் சாங் ஃபோர் லாங்கன் யாரன்’ (1984), ஆல்ட்டோ, வயலின், வயோலா மட்டும், சுமார் 5 நிமிடம். ஜெர்மன் கவிஞர் பிரெண்டானோவின் கவிதை, உங்கள் மெட்ஸோவுக்குக் கச்சிதம். இடையில் குரல் இல்லாமல் பேர்ட்டின் ‘சும்மா’வின் (Summa) குவார்ட்டெட் வடிவம், அதன் மூலம் விசுவாசப் பிரமாணத்தைப் பாடும் கோரல் பாட்டு என்பதால் தவக்கால நிகழ்ச்சியில் அந்நியமாக நிற்காது.

பழையதிலிருந்து ஒன்று சேருங்கள்: விவால்டியின் ‘ஸ்டாபாட் மாட்டெர்’ ஆர்.வி. 621, ஆல்ட்டோவும் தந்திகளும், 1712-ல் பிரெஷாவில் முதலில் பாடப்பட்டது. இருபது செய்யுளில் முதல் பத்தை மட்டும் எடுத்திருக்கிறார், அதனால் 20 நிமிடத்துக்குள் முடியும். கண்டினுவோவுக்கு (அடிச்சுர வரியைத் தாங்கும் துணை வாசிப்பு) ஒரு சிறு ஆர்கன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் செல்லோ தனியாகத் தாங்கும், சில இடம் வெறுமையாகக் கேட்கும். அது எஃப் மைனர். ஆகவே சி தந்தியை ஏற்றியிருந்தால் இதற்கு முன் இறக்கிவிடுங்கள்; எஃப் மைனரில் சி என்பது பஞ்சமம், சுத்தமாக இருக்க வேண்டும்.

ஃபின்சியின் ‘டியெஸ் நட்டாலிஸ்’ (1939) பெயரளவில் கிறிஸ்து பிறப்பு, தவக்காலத்துக்குப் பொருந்தாது, ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவும் வேண்டும். ஆனால் தந்திகளோடு தனிக்குரல் என்ற வகையில் அதைவிட நெகிழ்ச்சியான ஆங்கிலப் படைப்பு எனக்குத் தெரியாது. டிசம்பருக்கு நினைவில் வையுங்கள்.

தாள்கள்: பேர்ட்டின் பதிப்பாளர் வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன். பார்ட்டுகளை அவர்களிடம் வாங்குங்கள், நகல் எடுத்து வாசிக்காதீர்கள். வேறு குரலுக்கோ வாத்தியத்துக்கோ மாற்றி எழுத எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உண்மையான வழிபாட்டுச் சடங்கின் பகுதியாக வாசிப்பதற்கு விலக்குத் தருகிறது. தேவாலயத்துக்குள் நடந்தாலும் கச்சேரி என்பது சடங்கு ஆகாது, பொதுநிகழ்ச்சி உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள்.

#13 யாப்புக்காரன்

தமிழ் வசனத்துக்கு வருகிறேன். முடியும். ஆனால் லத்தீன் விதியை அப்படியே ஒட்டக் கூடாது.

121-ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனம்: ‘வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்.’ அசைகளை எண்ணினால் 4, 4, 4, 8, 3, 3, 2. லத்தீனில் எட்டு அசைச் சொல் அபூர்வம். தமிழில் வேற்றுமை உருபும் சொல்லுருபும் ஒட்டிக்கொண்டே போவதால் சொல் நீளும், சொல் நீண்டால் மெட்டு வரியின் வீச்சும் நீளும். ‘கர்த்தரிடத்திலிருந்து’ மட்டும் ஒரு முழு ஆக்டேவைப் பிடிக்கும்: மேல் ச-வில் தொடங்கி நி த ப ம க ரி ச. இந்த இடத்தில் அது பொருளுக்கு அற்புதமாகப் பொருந்துகிறது, நான் பிரிக்க மாட்டேன். மற்ற வசனங்களில் இப்படி நீண்ட சொல் சாதாரண இடத்தில் வந்தால் ‘இடத்தில் | இருந்து’ போல உருபில் வெட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய சிக்கல் வேறு. மையத்தை நோக்கிப் போகும் வழியில் சொல்லின் கடைசி அசை ச-வில் விழும், அது நீளவும் செய்யும். தமிழில் பல சொற்களின் கடைசி அசை குற்றியலுகரம்: ‘எனக்கு’, ‘இருந்து’. அரை மாத்திரை ஒலியை நான்கு பீட் இழுத்தால் ‘எனக்கூ’ என்றாகும். கேட்கச் சகிக்காது. தமிழில் அழுத்தம் சொல்லின் முதலில். ஆகவே மையத்திலிருந்து புறப்படும் வழிகளையே எடுங்கள். ‘வானத்தையும்’: வா ச, னத் ரி, தை க, யும் ம. வயலின் மேல்பக்கம்: க க ப ப. கனமான ‘வா’ சட்ஜமத்தில் நிற்கிறது, சொல் விரிந்துகொண்டே போகிறது. ‘கர்த்தரிடத்திலிருந்து’ இப்போது கீழ் ச-விலிருந்து மேல் ச வரை ஏறும்.

நீளம்: குறில் ஒரு பீட்; நெடிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டு. ‘தை’யை இரண்டாக்க வேண்டாம், இடையில் வரும் ஐகாரம் குறுகும், ஒன்று போதும். ஆக ‘வானத்தையும்’ 2-2-1-2. குற்றியலுகரத்துக்கு ஒரு பீட், அதன்பின் ஒரு பீட் மௌனம். சொல்லுக்குச் சொல் பாரின் நீளம் மாறும், தாளம் கட்டாதீர்கள்.

#14 நாலுதந்தி

மெட்ஸோ கர்னாடக சங்கீதமும் கற்றவர். நடபைரவி என்றதும் காந்தாரமும் நிஷாதமும் தானாக அசைகின்றன. சிறு கமகம் இருந்தால் தமிழ் வசனத்துக்கு அழகுதானே, ஐயா?

#15 ஷட்ஜமம்

வேண்டாம் தம்பி, அழகுக்காகக் கூட. ரி பாடும்போது வயலினில் க நிற்கிறது. பாடகர் ரி-யைக் க வரை அசைத்தால் மணி வரியின் சுரத்தையே பாடகர் பாடிவிடுகிறார், இரண்டு வரி ஒன்றாகிறது. கமகம் ஒற்றை மெட்டுக்கும் சுருதிக்கும் இடையில் வேலை செய்யும் கலை. இங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் எதிரில் அசையாத இன்னொரு சுரம் இருக்கிறது. அவரிடம் ராகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், சுரத்தை மட்டும் சொல்லுங்கள். சரளி வரிசையை முதல் காலத்தில் பாடுவது போல நேர்ச் சுரமாக இருக்கட்டும். அவருடைய சுருதி உணர்வு உங்களுக்குப் பெரிய பலம்: 316 சென்ட் காந்தாரத்தை அவர் தேடாமலே பிடிப்பார், மற்றவர்கள் அவரைக் கேட்டுச் சரிசெய்யட்டும்.

#16 மெல்லியகுரல்

ஒத்திகை வரிசைக்கு என் யோசனை, ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு. முதல் 15 நிமிடம் சுருதி சேர்ப்பும் ஏ-சி-இ கார்டும் மட்டும்: செல்லோ ஏ, வயலின் இ, இரண்டும் அசையாமல் நின்ற பிறகு குரல் சி. அடுத்த 20 நிமிடம் மெட்டு வரி மட்டும், தந்திகள் உட்பட எல்லோரும் பாட வேண்டும். பிறகு மெட்டும் மணியும் இருவர் இருவராக. மற்றவர்கள் கேட்கட்டும், எந்தச் சொல்லில் அரைச் சுரம் விரிகிறது என்று குறிக்கட்டும். முழுப் பாட்டையும் கடைசி அரை மணியில்தான் தொடங்க வேண்டும். முதலிலேயே முழுதாக ஓட்டினால் ஒவ்வொருவரும் தன் பிழைக்கு ஒரு சமாதானம் கற்றுக்கொள்வார்கள்.

#17 கல்விதானம்

நிகழ்ச்சி நாளுக்கு ஒன்று. ஸ்டீல் தந்தி குளிரில் ஏறும், சூட்டில் இறங்கும். மின்விசிறி நிறுத்தி, ஆட்கள் நிரம்பி, விளக்கும் எரிந்தால் அரை மணியில் கட்டடம் சூடாகும். நாலு வாத்தியமும் இறங்கும், குரல் இறங்காது. குடல் தந்தி போட்டிருந்தால் ஈரப்பதமும் சேர்ந்து படுத்தும். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே வாத்தியங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசிக்கும் இடத்திலேயே வையுங்கள்.

இடையில் இரண்டு முறை சுருதி பார்க்க இடம் குறித்துவிடுங்கள், விவால்டிக்கு முன்னும் பின்னும். ‘யாத்திரைப் பாடல்’ முடிந்ததும் மட்டும் வேண்டாம். அதன் கடைசிச் சுரத்தின் வால் அடங்கும் முன் ஆணி திருகும் சத்தம் கேட்கக் கூடாது. அங்கே ‘சும்மா’வை வைத்தால் எப்படி?

#18 நாலுதந்தி

‘சும்மா’ கீ என்ன என்று பார்ட்டைப் பார்த்துவிட்டு வரிசையை எழுதுகிறேன். சி தந்தியை முதல் ஒத்திகையில் 6 சென்டோடு நிறுத்துகிறோம். யாப்புக்காரன் அண்ணா, முதல் வசனத்தில் ‘பர்வதங்களுக்கு’ ஆறு அசையா?

#19 யாப்புக்காரன்

பர்-வ-தங்-க-ளுக்-கு. ஆறு. ச ரி க ம ப த வரை போகும். கடைசி ‘கு’ தைவதத்தில் விழும். வயோலா அங்கே கீழ்ப்பக்கத்தில் பஞ்சமம் பிடித்திருப்பார், அரைச் சுர உரசல். ‘கு’ ஒரு பீட்டுக்கு மேல் போக வேண்டாம், வயோலா மட்டும் மௌனத்துக்குள் இன்னொரு பீட் நிற்கட்டும்.